ஆப்பைப் பிடுங்கின குரங்கும் நான் வாங்கின டேபிள் சாவும்

இந்த எபிசோடு வழக்கத்தைவிட நாலு வாரம் லேட்டு. காரணம் ஒரு ரம்பம். வீட்டுப் பட்டறைக்கு ஒரு டேபிள் சா வாங்கலாம்னு ஆரம்பிச்சேன். எத்தனை ஹெச்.பி., என்ன பிராண்டு, எவ்வளவு விலைன்னு ரெண்டு நாள் தேடினா முடிஞ்சிடும்னு நினைச்சேன். அது என்னை 1768-ல லண்டன்ல நடந்த ஒரு கலவரம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. அதனால இன்னிக்கு சோழரும் இல்லை, பாளையக்காரரும் இல்லை. ஒரு மெஷினோட வரலாறு.

முதல்ல என் கதை. எங்க வீடு ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல. 2020-ல ஆபீஸ் வீட்டுக்கே வந்துச்சு, அதுக்கப்புறம் நான் பெங்களூருக்குத் திரும்பிப் போகலை. பகல்ல கோடு, சாயங்காலம் மரவேலை. ரோட்டை அகலப்படுத்தினப்ப வாசல்ல நின்ன வேப்பமரம் போச்சு. அதை மில்லுல பேண்ட்சாவுல பலகையா அறுத்து வாங்கி, பழைய மாட்டுக் கொட்டாயில ஒன்றரை வருஷம் காய வெச்சிருந்தேன். அதுல அம்மாவுக்கு ஒரு கட்டிலும் எனக்கு ஒரு புத்தக அலமாரியும் செய்யணும்னு ஆசை. ரெண்டு இன்ச் பலகையை நீளவாக்குல நேரா அறுக்கணும். கை ரம்பத்துல செய்யலாம், ஆனா ஒரு பலகைக்கு ஒரு சாயங்காலம் போயிடும்.

யூடியூப்ல எல்லாரும் காட்டற வழி ஒண்ணு இருக்கு. டைல்ஸ் அறுக்கற சின்ன மார்பிள் கட்டரை வாங்கி, அதுல மர பிளேடை மாட்டி, ஒரு பிளைவுட் மேசைக்கு அடியில தலைகீழா முறுக்கிட வேண்டியது. ஸ்விட்சை ஆன்லயே வெச்சு ஒரு டை போட்டுக் கட்டிடறது. மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்ல டேபிள் சா ரெடி. நம்ம பக்கம் இன்டீரியர் வேலை நடக்கற வீட்டுக்கெல்லாம் போய்ப் பாருங்க, பாதி இடத்துல இதுதான் ஓடிட்டு இருக்கும். நானும் பிளைவுட்டுல ஓட்டை போட்டு வெச்சுட்டேன்.

அப்பதான் எங்க பெரியப்பா வந்தார். அவர் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைகள்ல முப்பது வருஷத்துக்கு மேல மரவேலை பார்த்தவர். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: சேசிஸ் மட்டும் வர்ற லாரிக்கு மேல கேபினும் தொட்டியும் கட்டறது நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பெரிய தொழில். ஒரு காலத்துல அந்த பாடியில பெரும்பகுதி மரம்தான். பெரியப்பாவோட இடது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சின்ன வயசுல இருந்து பார்த்துப் பழகினதால நான் அதைக் கவனிக்கறதே இல்லை. அந்தக் கையாலதான் என் பிளைவுட் மேசையைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, கல்லு அறுக்கற மெஷின்ல எதுக்கு மரத்தை அறுக்கோணும்?"

செலவு கம்மிங்க பெரியப்பான்னேன். அவர் அதுக்குப் பதில் சொல்லலை. வேற ஒண்ணு கேட்டார்: "சரி, இதுல ஆப்பு எங்க வெப்பே?"

எனக்குப் புரியலை. ஆபீஸ்ல "ஆப்பு வெச்சுட்டாங்க"ன்னு தினமும் சொல்ற ஆளு நான். உண்மையான ஆப்பை மரத்துல வெச்சுப் பார்த்ததே இல்லை.

அவர் சொன்னது இதுதான். மரம் உயிரோட நிக்கும்போது உள்ளுக்குள்ள இழுவிசையோட வளருது. அறுக்கும்போது அந்த இழுவை விடுபடும். சில பலகை அறுக்க அறுக்க வாயைத் திறக்கும். சிலது வாயை மூடி ரம்பத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். வேப்பமரத்துல இது ரொம்ப சகஜம். மெஷின் வர்றதுக்கு முன்னாடி குழி தோண்டி, மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு பெரிய ரம்பத்தை இழுத்து அறுப்பாங்க. கொஞ்ச தூரம் அறுத்ததும், அறுத்த வாயில ஒரு ஆப்பைச் செருகிட்டுத்தான் மேற்கொண்டு போவாங்க. மரம் மூடாம இருக்கறதுக்கு.

உடனே உங்களுக்கு ஒரு கதை ஞாபகம் வரணும். பஞ்சதந்திரத்துல வர்ற ஆப்பசைத்த குரங்கு. தச்சர்கள் பாதி அறுத்த மரத்துல ஆப்பு வெச்சுட்டுச் சாப்பிடப் போறாங்க, குரங்கு வந்து ஆப்பைப் பிடுங்குது, மரம் மூடிக்குது, குரங்கு செத்துப் போகுது. ஸ்கூல்ல இதை "தேவையில்லாத வேலையில தலையிடாதே"ங்கற நீதிக்கு வெச்சிருந்தாங்க. எனக்கு இப்ப அது ஒரு விபத்து அறிக்கை மாதிரி தெரியுது. அறுத்த மரம் மூடிக்கும்னும், அதைத் தடுக்கறது ஒரு சின்ன ஆப்புதான்னும் கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாத்தானே அந்தக் கதை நிக்கும்?

இப்ப மெஷினுக்கு வருவோம். கை ரம்பத்தை மரம் கவ்வினா ரம்பம் நின்னு போகும், அவ்வளவுதான். வட்ட ரம்பத்தைக் கவ்வினா அது நிக்காது. சாதாரண 10 இன்ச் டேபிள் சா பிளேடு நிமிஷத்துக்கு 3,650 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்குவோம். விளிம்புல இருக்கற பல்லோட வேகம் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர். முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோட அழுத்தும், அது நல்லது. பின்பக்கப் பல் மேல்நோக்கி ஏறும். பலகை மூடி அந்தப் பின்பக்கப் பல்லைத் தொட்டா, பல் பலகையைத் தூக்கி நம்ம மேலயே வீசும். இதைத்தான் கிக்பேக்னு சொல்றாங்க. பெரியப்பா பாஷையில "கட்டை திருப்பி அடிக்கும்". கட்டை போயிட்டாலும் கை அதைத் தள்ளிட்டிருந்த வேகத்துல முன்னாடி போகும். முன்னாடி இருக்கறது பிளேடு. அவருக்கு நடந்தது இதுதான். கவனக்குறைவுன்னு எல்லாரும் சொன்னாங்களாம். அவர் கட்டையைத்தான் பார்த்துட்டு இருந்தார்.

நம்ம உடம்பு ஒண்ணை உணர்ந்து கையை இழுக்க கால் வினாடி ஆகும். அந்தக் கால் வினாடியில 40 பல் பிளேடு 15 சுத்து சுத்திடும். அறுநூறு பல். ஜாக்கிரதையா இருந்தா போதும்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்க.

நான் செய்யப் பார்த்த மார்பிள் கட்டர் கதை இன்னும் மோசம். அதோட பிளேடு சின்னது, நாலு இன்ச்தான், ஆனா நிமிஷத்துக்கு 12,000 சுத்து வரைக்கும் போகும். விளிம்பு வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் கிட்ட வரும். கல்லு மூடிக்காது. அதனால அந்த மெஷின்ல ஆப்புக்கு இடமே விடலை. செஞ்சவன் மேல தப்பில்லை, அவன் கல்லுக்குத்தான் செஞ்சான்.

சரி, வட்ட ரம்பம் எங்கிருந்து வந்துச்சு? இணையத்துல பாதிப் பேர் 1813-ல அமெரிக்காவுல ஷேக்கர் சமூகத்தைச் சேர்ந்த டபிதா பாபிட்ங்கற பெண்மணி, நெசவு ராட்டினத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்வாங்க. அழகான கதை. ஆனா 1777-லயே இங்கிலாந்துல சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் வட்ட ரம்பத்தைச் சேர்த்து ஒரு பேட்டன்ட் வாங்கிட்டார். அதே ஊர்ல வால்டர் டெய்லர் கப்பற்படைக்கான கப்பிகளைச் செய்ய வட்ட ரம்பத்தை ஓட்டினார்.

அதுக்கும் கொஞ்சம் முன்னாடி, 1768 மே மாசம், லண்டன் லைம்ஹவுஸ்ல சார்லஸ் டிங்லி கட்டின காற்றாலை ரம்ப மில்லை, கையால மரம் அறுக்கறவங்க கூட்டமா வந்து இடிச்சுத் தள்ளினாங்க. அது வட்ட ரம்பம் இல்லை, மேல கீழ போற ரம்பம். அவங்க பயந்தது விரலுக்காக இல்லை, கூலிக்காக. அடுத்த வருஷமே, 1769-ல, மில்லை இடிக்கறது பெருங்குற்றம்னு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுடுச்சு. மெஷினைப் பாதுகாக்க ஒரு வருஷத்துல சட்டம் வந்துச்சு. மெஷின்ல இருந்து ஆளைப் பாதுகாக்கற சட்டத்துக்கு எவ்வளவு காலம் ஆச்சுன்னு இப்ப பார்ப்போம்.

1922. அந்த வருஷம்தான் பிரிட்டன்ல மரவேலை இயந்திரங்களுக்குன்னே தனி விதிகள் வந்துச்சு. வட்ட ரம்பத்துக்குப் பின்னாடி, அதே கோட்டுல, ஒரு ரைவிங் நைஃப் இருக்கணும்னு அதுல இருக்கு. பேருதான் கத்தி. கூர் எதுவும் கிடையாது. பிளேடோட வளைவுக்கு ஏத்த மாதிரி வளைச்ச இரும்புத் தகடு, அவ்வளவுதான். பிளேடு அறுத்துட்டுப் போன வாய்க்குள்ள இது நுழையும். மரம் மூட முடியாது, பின்பக்கப் பல்லைத் தொட முடியாது. குழியில நின்னு அறுத்தவங்க செருகின அதே ஆப்பு, மெஷினோட நிரந்தரமா ஒட்டிக்கிட்டிருக்கு.

நம்ம ஊர்ல அதே விதி அப்படியே வந்திருக்கு. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துக்குக் கீழ சென்னை மாகாணம் 1950-ல விதிகள் போட்டுச்சு. இன்னிக்கு அதைத் தமிழ்நாடு தொழிற்சாலை விதிகள்னு சொல்றோம். மரவேலை இயந்திரங்கள் பகுதியில வட்ட ரம்பத்துக்குன்னு எழுதியிருக்கறதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். பின்னாடி ரைவிங் நைஃப். மேல மூடி. மேசைக்குக் கீழ பிளேடோட ரெண்டு பக்கமும் தகடு. கை பிளேடு கிட்ட போகாம இருக்க ஒரு புஷ் ஸ்டிக், அதாவது தள்ளற குச்சி. 2020-கள்ல வெளிநாட்டு யூடியூபர்கள் பெரிய ஞானமாச் சொல்றதெல்லாம் இங்க 1950-லயே விதி.

அப்புறம் ஏன் பெரியப்பாவுக்கு ரெண்டு விரல் இல்லை?

அந்தச் சட்டத்துல தொழிற்சாலைன்னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு. மின்சாரத்துல ஓடற இடம்னா குறைஞ்சது 10 பேர் வேலை செய்யணும். அவர் வேலை செஞ்ச பட்டறையில அஞ்சு பேரோ ஆறு பேரோ. நான் எந்தப் பட்டறைன்னு சொல்லப் போறதில்லை, அவரும் சொல்ல விரும்பலை. அந்தப் பக்கம் அப்ப எல்லாம் அப்படித்தான் இருந்துச்சுங்கறார். 2020-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கிடுச்சு. ஆக, சின்னப் பட்டறை விதியில இருந்து இன்னும் கொஞ்சம் தூரமாப் போயிருக்கு. என் மாட்டுக் கொட்டாயில ஒரே ஆள். எனக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். நான்தான் எனக்கு இன்ஸ்பெக்டர்.

அவர் பட்டறையில இருந்தது நம்ம பக்கம் சகஜமான கூட்டு மெஷின். ஒரே தண்டுல ஒரு பக்கம் இழைக்கறது, இன்னொரு பக்கம் வட்ட ரம்பம். ஆப்பே கிடையாதான்னு கேட்டேன். "ஒரு தகடு இருந்துச்சு கண்ணு. காடி எடுக்கோணும்னா அது குறுக்க நிக்கும். கழட்டி ஜன்னல் மேல வெச்சோம். அப்புறம் அது அங்கயேதான் இருந்துச்சு."

இந்த இடத்துல என் மூளைக்குள்ள ஒரு மணி அடிச்சுது, ஏன்னா இது என் தொழில்ல தினமும் நடக்கறது. வேலைக்குக் குறுக்க வர்ற பாதுகாப்பை மனுஷன் கழட்டிடுவான். ரெண்டு தடவை ஓ.டி.பி. கேட்டா மூணாவது நாள் அதை எப்படி ஆஃப் பண்றதுன்னு தேடுவான். காடிங்கறது பலகையில பாதி ஆழத்துக்கு எடுக்கற பள்ளம். லாரி பாடியில அது நிறைய வரும். பிளேடு பலகைக்குள்ள முழுசா ஒளிஞ்சிருக்கும், மேல வராது. பிளேடைவிட உயரமா நிக்கற தகடு இருந்தா பலகை அதுல முட்டிக்கும். கழட்டித்தான் ஆகணும். கழட்டினது திரும்ப ஏறாது.

நல்ல ரைவிங் நைஃப் பிளேடோட உச்சிக்குக் கொஞ்சம் கீழ நிக்கும். பிளேடை ஏத்தினா அதுவும் ஏறும், இறக்கினா இறங்கும், சாய்ச்சா சாயும். காடி எடுக்கவும் கழட்ட வேண்டியதில்லை. இது ஐரோப்பாவுல பழசு. அமெரிக்காவுல ரொம்ப காலம் மூடியோட சேர்ந்த உயரமான தகடுதான் வந்துட்டு இருந்துச்சு. அங்கயும் எல்லாரும் கழட்டி சுவத்துல மாட்டினாங்க. 2000-களோட கடைசியிலதான் புதுசா வடிவமைக்கற மெஷின்கள்ல ரைவிங் நைஃப் கட்டாயமாச்சு.

வேடிக்கை என்னன்னா, வீட்டுப் பட்டறைக்கு டேபிள் சாவைக் கொண்டு வந்ததே அமெரிக்காதான். 1919-ல மில்வாக்கியில ஹெர்பர்ட் டவுட்ஸ்ங்கறவர் ஆரம்பிச்ச டெல்டா கம்பெனி, வீட்டுல மரவேலை செய்யறவங்களுக்குன்னு சின்ன மெஷின் வித்துச்சு. அதே டெல்டா 1939-ல யூனிசாவைக் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பல மெஷின்கள்ல சாய்வா அறுக்கணும்னா மேசையையே சாய்க்கணும், பலகை வழுக்கிட்டுப் போகும். யூனிசாவுல மேசை நேரா நிக்கும், உள்ள பிளேடு சாயும். ஐரோப்பாவுல அதுக்கும் முன்னாடியே, 1906-ல, ஜெர்மனியில வில்ஹெல்ம் அல்டென்டார்ஃப் நகரும் மேசை வெச்ச ரம்பத்தைச் செஞ்சார். இன்னிக்குப் பெரிய பர்னிச்சர் கம்பெனிகள்ல பிளைவுட் அறுக்கற பேனல் சாவுக்கு அதுதான் மூதாதை.

இப்ப நீங்க கேட்கப் போற கேள்வி தெரியும். "புரோ, விரல் பட்டா தானா நிக்கற மெஷின் இருக்கே?" இருக்கு. சாஸ்டாப். ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியல்ல டாக்டர் பட்டம் வாங்கின பேட்டன்ட் வக்கீல், 1999-ல யோசிச்சது. பிளேடுல ஒரு சின்ன மின் சிக்னல் ஓடிட்டே இருக்கும். நம்ம உடம்பு பட்டா அது மாறும். உடனே ஒரு ஸ்பிரிங் அலுமினியக் கட்டையைப் பிளேடுக்குள்ள தள்ளும். 5 மில்லி வினாடிக்குள்ள பிளேடு நிக்கும். நான் சொன்ன அறுநூறு பல் பத்துப் பன்னிரண்டு பல்லாக் குறையும். பிளேடும் அந்தக் கட்டையும் குப்பைக்குப் போகும், விரல்ல ஒரு கீறல். காஸ் தன் சொந்த விரலை வெச்சே காட்டியிருக்கார்.

அவர் பெரிய கம்பெனிகள்கிட்ட உரிமம் விக்கப் பார்த்தார், யாரும் வாங்கலை. 2004-ல தானே மெஷின் விக்க ஆரம்பிச்சார். 2010-ல பாஸ்டன் நீதிமன்றத்துல, அந்தத் தொழில்நுட்பம் இல்லாத மலிவு ரம்பத்துல கையில பலத்த காயம்பட்ட ஒரு தொழிலாளிக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பு வந்துச்சு. அமெரிக்காவுல டேபிள் சாவால ஒரு நாளைக்குச் சுமார் 10 பேருக்கு விரல் துண்டாகுதுன்னு அவங்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கு. ஆனா போஷ் கம்பெனி பிளேடு உடையாம கீழ இறங்கற மாதிரி தன் சொந்த முறையில ஒரு மெஷின் கொண்டு வந்தப்ப, சாஸ்டாப் பேட்டன்ட் வழக்குப் போட்டு 2017-ல அதை அமெரிக்காவுக்குள்ள வராம தடுத்துடுச்சு. 2024-ல, இது சட்டப்படி கட்டாயமானா முக்கியமான பேட்டன்ட்டைப் பொதுவுக்கு விட்டுடறோம்னு சொன்னாங்க. இருபது வருஷம் கழிச்சு.

பேட்டன்ட்னு வந்ததும் சேலத்துக்காரனா ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லியே ஆகணும். சேலம் கஞ்சமலை இரும்புத் தாதுவை நம்பி 1830-கள்ல பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சவர் ஜோசியா மார்ஷல் ஹீத். அவர் பின்னாடி இங்கிலாந்து போய், உருக்குல மாங்கனீஸ் சேர்க்கற முறைக்கு 1839-ல பேட்டன்ட் வாங்கினார். அதனால ஷெஃபீல்டு உருக்கு தரமா, மலிவா ஆச்சு. ரம்பத்துக்கும் உளிக்கும் போனது அந்த ஷெஃபீல்டு உருக்குதான். ஆனா ஷெஃபீல்டுக்காரங்க அவர் முறையை லேசா மாத்தி, காசு கொடுக்காமலே உபயோகிச்சாங்க. வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. ஹீத் 1851-ல இறந்துட்டார், 1855-ல பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராத் தீர்ப்பு சொல்லுச்சு. பேட்டன்ட் தோத்ததால உருக்கு உலகத்துக்கெல்லாம் போச்சு, கண்டுபிடிச்சவருக்கு ஒண்ணும் இல்லை. அங்க பேட்டன்ட் ஜெயிச்சுது, விரல் காப்பாத்தற மெஷின் ஒரே கம்பெனிக்குள்ள நின்னுச்சு. எது நியாயம்னு என்னைக் கேட்காதீங்க. நான் கோடு எழுதிச் சம்பளம் வாங்கறவன், ரெண்டு பக்கமும் பேசுவேன்.

நான் தேடின வரைக்கும் சேலம் கடைகள்ல சாஸ்டாப் கண்ணுலயே படலை. இறக்குமதி பண்ணலாம்னா, அங்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மது 230, 50. அதுக்குத் தகுந்த மாடலா பார்க்கணும், வரி, கப்பல் செலவு வேற. என் பட்ஜெட் அதைப் பார்த்துச் சிரிச்சுது.

அந்தத் தேடல் நடுவுலதான் ஒரு நாள் பெரியப்பாகிட்ட விபத்தைப் பத்திக் கேட்டேன். அது 1994. விரல் ரெண்டும் மரத்தூளுக்குள்ள விழுந்திருக்கு. யாரும் எடுக்கலை. எடுத்தா ஒட்டலாம்னு அங்க யாருக்கும் தெரியலை. துண்டான கட்டைவிரலை நுண் அறுவை சிகிச்சையில திரும்ப ஒட்ட முடியும்னு ஜப்பான்ல கோமட்சுவும் டமாய்யும் செஞ்சு காட்டினது 1965. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்குன்னே தனிப் பிரிவை வளர்த்து வெச்சிருந்தார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில டாக்டர் ராஜா சபாபதி 1991-ல இருந்து இந்த வேலையைச் செஞ்சுட்டு இருந்தார். நாமக்கல்ல இருந்து கோயம்புத்தூர் சில மணி நேரப் பயணம். வழி இருந்துச்சு, அது இருக்குன்னு தெரியலை.

அதனால ஒரு நிமிஷம் வரலாற்றை நிறுத்திட்டு இதைச் சொல்லிடறேன். யாருக்காவது விரல் துண்டானா, அதை சுத்தமான ஈரத்துணியில சுத்தி, தண்ணி புகாத பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில வைங்க. விரலை நேரா ஐஸ் மேல வெக்கக் கூடாது, உறைஞ்சா செத்துப் போகும். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிச்சுட்டு, ஒட்டற வசதி இருக்கற மருத்துவமனைக்கு போன் பண்ணிக்கிட்டே கிளம்புங்க. விரல்ல தசை கம்மி, குளிர்ச்சியில பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலன்னா அவ்வளவு நேரம் கிடையாது.

பணம் ஏதாவது கொடுத்தாங்களான்னு கேட்டேன். ஆஸ்பத்திரி செலவை முதலாளி பார்த்துக்கிட்டாராம், ரெண்டு மாசச் சம்பளமும் கொடுத்தாராம். "நல்ல மனுஷன்தான்" என்றார். 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட பின்னிணைப்புல ஒரு பட்டியல் இருக்கு. எந்த விரல் போனா சம்பாதிக்கற திறன்ல எத்தனை சதவீதம் போச்சுன்னு கணக்கு. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுசா 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரே கையில ரெண்டு விரல்னா 20. எலும்பு போகாம நுனி மட்டும் போனாக் கூட எண் இருக்கு. போன்ல அந்தப் பட்டியலை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஆணியை எந்த விரல்ல பிடிப்பாங்கன்னு இதை எழுதினவனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார்.

நான் என் கையைப் பார்த்தேன். நான் டைப் அடிக்கறது பத்து விரல்ல.

ஆக, டேபிள் சா எப்படித் தேர்ந்தெடுத்தேன்னா, ஹெச்.பி.-யை நாலாவதாத் தள்ளினேன். கடையில முதல் கேள்வி: ரைவிங் நைஃப் இருக்கா, பிளேடோட ஏறி இறங்குதா? ரெண்டு கடையில "அதெல்லாம் கழட்டிடலாம் சார், தொந்தரவு"ன்னாங்க. ஒரு கடையில பெட்டியிலிருந்து எடுத்து வெளியவே போட்டுட்டாங்க, டிஸ்ப்ளேவுக்கு அழகா இல்லைன்னு. ரெண்டாவது, ஃபென்ஸ். பலகை சாய்ஞ்சு போற அந்த நீளக் கட்டை பிளேடுக்கு இணையா நிக்குதான்னு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் உள்ள சாய்ஞ்சாலும் ஆப்பைப் பிடுங்கின மாதிரிதான், பலகையைப் பிளேடு மேல நெரிக்கும். மூணாவது, ஸ்விட்ச். கரண்ட் போய்த் திரும்ப வந்தா மெஷின் தானா ஓடக் கூடாது. நம்ம ஊர் கரண்டுக்கு இது ரொம்ப முக்கியம். அதுக்கப்புறம்தான் மோட்டார். இண்டக்‌ஷன் மோட்டார் சத்தம் கம்மி, நிதானமா உழைக்கும், ஆனா கனம். எனக்குக் கிடைச்சது கத்தற ரகம். பரவாயில்லை, காதுக்குப் பஞ்சு வாங்கிட்டேன்.

பழைய வார்ப்பிரும்பு மெஷின் ஒண்ணு செவ்வாய்ப்பேட்டையில பாதி விலைக்கு வந்துச்சு. பார்க்கவே கம்பீரம், தலைமுறைக்கும் உழைக்கும். த்ரீ பேஸ் கேட்டுச்சு, ஆப்பு மாட்ட இடமே இல்லை. மனசு கேட்காம ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

மெஷின் வந்த அன்னிக்குப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிட்டு உக்காந்தார். பிளேடுக்கும் தகடுக்கும் நடுவுல இருக்கற சந்தை வலது கை நகத்தால அளந்தார். பிளேடை இறக்கச் சொன்னார், தகடும் இறங்குச்சு. ஏத்தச் சொன்னார், ஏறுச்சு. நாலு தடவை.

"காடிக்கு இதைக் கழட்ட வேண்டாமா?"

"வேண்டாங்க பெரியப்பா."

அப்புறம் அவரே ஒரு வேப்பம்பலகையை எடுத்தார். நான் தள்ளற குச்சியை நீட்டினேன், வாங்கிக்கிட்டார். பாதி தூரம் போனதும் பலகை வாயை மூடி தகட்டை இறுக்கிப் பிடிச்சுது. பிளேடு தொடர்ந்து சுத்திட்டே இருந்துச்சு. பலகை நகரலை, எதுவும் பறக்கலை. அவர் ஸ்விட்சை முழங்காலால தட்டி நிறுத்தினார். தோட்டத்து ஓரமாப் போய் ஒரு மூங்கில் சில்லைச் சீவி எடுத்துட்டு வந்து, அறுத்த வாயில செருகி, ரெண்டு தட்டு தட்டிட்டு, மெஷினை ஆன் பண்ணுன்னார்.

கட்டில் இன்னும் முடியலை, நாலு கால் மட்டும் நிக்குது. அடுத்த எபிசோடு திட்டமிட்டபடி சங்ககிரி கோட்டை.